மறைமுகச் சார்புகள் முப்பத்தெட்டு

தாமிரபரணியில் வெள்ளம் வருவதை முன்கூட்டியே சொல்வதற்கென்று பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகம் இருந்தது. நீர்மட்ட அறிவிப்பு அலகு என்று பெயர். மாடியில் இரண்டு அறைகள். கோட்டப் பொறியாளர் குமரகுருபரன், தட்டச்சர் பவுலின், ஒரு கணினி, அந்தக் கணினிக்குப் பொறுப்பாக வேணி. குமரகுருபரன் ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் தன் மேசைக்கு எந்தக் காகிதமும் வரக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

வேணிக்கு இருபத்தேழு வயது. பொறியியல் படித்தவள். 1997இல் அவள் ஒரு நிரல் எழுதினாள். ஆற்றில் நான்கு இடங்களில் அளவுக்கல் நட்டிருக்கிறது. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான்கு பேர் காலையில் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார்கள். அந்த நான்கு எண்களைத் தட்டினால், கீழே எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போய்ச் சேரும் என்று நிரல் கணக்கிட்டு, படம் வரைந்து, கட்டுப்பாட்டு அறைக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிடும். 1998 ஐப்பசியில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே நெடும்படுகை என்ற ஊருக்கு ஒன்பது மணி நேரம் என்று சொன்னது. தண்ணீர் ஒன்பது மணி பத்து நிமிடத்தில் வந்தது. அதற்குள் ஆட்கள், மாடுகள், ரேஷன் கடை அரிசி எல்லாம் மேட்டுக்கு ஏறியிருந்தன. யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் அதைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை.

1999 ஆடி மாதம் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கணினிகளுக்குத் தேதி குழம்பிவிடும், அதனால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உலகம் முழுக்கப் பேச்சு இருந்த சமயம். எதற்கும் இருக்கட்டும் என்று கணினிச் சார்பு ஆய்வு ஆணையம் என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அரசு அலுவலகங்களில் ஓடும் ஒவ்வொரு நிரலும் எவற்றைச் சார்ந்து ஓடுகிறது என்று ஆணையத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் நேரடிச் சார்பு. இரண்டாவது மறைமுகச் சார்பு.

வேணி ஒரு வாரம் உட்கார்ந்து நிரப்பினாள். கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று, ஃபேக்ஸ் அனுப்ப ஒன்று என்று, எங்கோ யாரோ எழுதி இலவசமாக வைத்திருந்த மூன்று ஆயத்த நிரல்களை, அதாவது பேக்கேஜ்களை, அவள் தன் நிரலில் சேர்த்திருந்தாள். கணினிப் பத்திரிகையோடு வந்த குறுந்தட்டில் கிடைத்தவை. அந்த மூன்றும் நேரடி. ஆனால் படம் வரையும் பேக்கேஜுக்கு, படத்தைக் கோப்பாக எழுத இன்னொரு பேக்கேஜ் வேண்டும். அதற்கு, கோப்பைச் சுருக்க மற்றொன்று வேண்டும். இப்படி ஒன்றுக்காக ஒன்றாக, அவள் பெயர் சொல்லிக் கேட்காமலே வந்து சேர்ந்தவை முப்பத்தெட்டு. அவற்றை இரண்டாவது கட்டத்தில் எழுதி, எது எதற்காக வந்தது என்று கோடும் போட்டுக் காட்டியிருந்தாள்.

குமரகுருபரன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கையெழுத்துப் போடவில்லை.

"ஏம்மா, மறைமுகம்ங்கிற கட்டத்துல இல்லைன்னு போட்டுரேன். அந்த வார்த்தையே நல்லா இல்லையே."

"சார், அதுல ஒண்ணு இல்லேன்னாலும் ஓடாது."

"அப்ப நாப்பத்தொண்ணையும் நேரடின்னு எழுதிரு."

"அப்படி எழுதினா எது எதுக்காக வந்ததுன்னு பின்னால வாரவங்களுக்குத் தெரியாம போயிரும் சார். வேண்டாததை வச்சுக்கிடுவாவ, வேண்டியதை எடுத்துருவாவ."

"உண்மையை எழுதுத வயசு உனக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மாவட்டத்திலிருந்து போன படிவங்களில் இரண்டாவது கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தது இது ஒன்றுதான். ஆகவே ஆணையம் நேரில் வந்தது.

தலைவர் தாணுமாலையன் நான்கு பேரோடும் தன் சொந்த நாற்காலியோடும் மாடியேறி வந்தார். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரில் இருப்பவர்தான் காதைத் தீட்டிக்கொண்டு குனிய வேண்டும்.

"முப்பத்தெட்டு," என்றார். "இவற்றை அரசு அழைத்ததா?"

"அந்த மூணு பேக்கேஜுக்குத் தேவைப்பட்டுது சார்."

"அரசு அழைத்ததா என்று கேட்டேன்."

"இல்லை சார். ஆனா இதுங்க இல்லாம அந்த மூணும் நிக்காது."

"தனியாக நிற்க முடியாத மூன்றை நீங்கள் தேர்வு செய்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்." நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள். "அம்மா, நான் முப்பத்தோரு வருடமாக நிர்வாகத்தில் இருக்கிறேன். பொறுப்பு என்பது நேராக வரும். சுற்றி வளைத்து வருவதற்குப் பெயர் உறவு. அரசு உறவுமுறைகளை அங்கீகரிப்பதில்லை. என் ஆணையத்தையே பாருங்கள். மறைமுகமாக உள்ளே வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. என் மைத்துனரைக்கூட நேரடியாகத்தான் நியமித்தேன்."

நால்வரில் ஒருவர் எழுந்து வணக்கம் சொன்னார். நடராஜ் என்று பெயர்.

முப்பத்தெட்டுக்கும் தனித்தனியாக ஏழாம் எண் படிவம் கொடுத்தார்கள். எழுதியவர் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, அவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்பதற்கு உள்ளூர் காவல் நிலையச் சான்று. வேணி முப்பத்தெட்டு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். பாதிப் பேர் பதில் போட்டார்கள். பின்லாந்திலிருந்து ஒருவர், தன் தகப்பனார் பெயரை எழுதிவிட்டு, உங்கள் ஆற்றுக்கு இது எதற்கு என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். எண்களை வரிசையாக அடுக்கித் தரும் நாற்பது வரிப் பேக்கேஜ் ஒன்றை எழுதிய ஹங்கேரிக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டதாக அவர் மகள் எழுதினாள். வேணி அதையும் மொழிபெயர்த்துச் சேர்த்து அனுப்பினாள். பதினைந்தாம் நாள் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. இறந்த ஒருவரை அரசின் நிரல் சார்ந்திருப்பது எப்படி? அன்னாருடைய உயிர்வாழ் சான்றிதழை உடனே அனுப்பி வைக்கவும்.

கடிதத்தோடு நடராஜும் வந்தார். இனி அலுவலகத்தில் தினமும் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லி உத்தரவாம். வேணியின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒன்றும் பேசமாட்டார். வேணியைப் பார்க்க யார் வந்தாலும் எழுதுவார். டீ கொண்டுவருகிறவர் பெயரைக் கேட்டு எழுதினார். பவுலின் சாப்பாட்டு வேளையில் மீன்குழம்பு கொஞ்சம் வேணிக்கு ஊற்றினால் அதையும் எழுதினார். ஒரு நாள் வேணி எட்டிப் பார்த்தாள். பக்கத்தின் நடுவில் அவள் பெயரும், அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகளும் இருந்தன. அவள் பேக்கேஜ்களுக்குப் போட்டுக் காட்டிய அதே மாதிரிக் கோடுகள்.

அடுத்த கேள்வி புரட்டாசியில் வந்தது. நிரல் நான்கு எண்களைச் சார்ந்திருக்கிறது. அந்த எண்களைத் தருபவர்கள் யார்? அவர்கள் யாரைச் சார்ந்திருக்கிறார்கள்?

மூன்று பேர் நிரந்தர ஊழியர்கள். சிக்கல் இல்லை. நான்காவது அளவுக்கல் சேரன்மகாதேவியில் இருந்தது. துணையாறுகள் சேர்ந்த பிறகு வரும் முதல் கல் அதுதான் என்பதால் மற்ற மூன்றைவிட அந்த எண்தான் முக்கியம். அங்கே கல் பார்த்தவர் 1994இல் ஓய்வுபெற்ற பிறகு இடத்தை நிரப்பவில்லை. ஆற்றங்கரைப் பம்பு அறைக்குக் காவலாளாக இருந்த சங்கிலிபூதத்தான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். காவல் வேலையே ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று கைமாறி வந்ததுதான். வேணி படிவத்தோடு பஸ் ஏறிப் போனாள்.

"யாரைச் சார்ந்து வேலை பாக்கேன்னு கேக்காவளா?" சங்கிலிபூதத்தான் சிரித்தார். "ஆத்தைத்தான்னு எழுதிக்கோ தாயி."

"ஆளு பேரு கேட்டிருக்காவ அண்ணாச்சி."

அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். பம்பு அறை நிழலில் அவர் மனைவி மாரிக்கண்ணு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "சொல்லிருங்க. அந்தப் பிள்ளைகிட்ட என்னத்துக்கு மறைக்கணும்?" என்றாள்.

"ரெண்டு வருசமா எனக்குக் கண்ணு மங்கலு," என்றார் அவர். "கல்லு தெரியும். கோடு தெரியாது. அவதான் பைய எறங்கிப் போயி பாத்துட்டு வந்து சொல்லுவா. நான் பூத்துல போயி போனு போடுவேன்."

நிரல் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து வேணிக்கு வந்த எண்களெல்லாம் இந்த அம்மாளின் கண் பார்த்தவை.

"ஒரு நாளாவது தப்பாச் சொல்லியிருக்கனா?" என்று மாரிக்கண்ணு கேட்டாள்.

"இல்லக்கா. நாலு கல்லுலயும் உங்க கணக்குதான் பிசகாம இருக்கும்."

"அப்ப எழுது."

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதலாமா வேண்டாமா என்று வேணி யோசித்தபடியே வந்தாள். எழுதினால் அவருக்குக் கண் ஆபரேஷனுக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு வேலைக்கும் வழி பிறக்கலாம் என்று தோன்றியது. அப்படியொரு நம்பிக்கை அவளுக்கு அப்போது இருந்தது. எழுதினாள்.

ஆணை ஐப்பசியில் வந்தது. மறைமுகச் சார்புகள் நாற்பதும் (நிரல்கள் 38, நபர்கள் 2) நவம்பர் ஒன்றாம் தேதி முதல் விலக்கப்படுகின்றன.

அன்று தாணுமாலையனே வந்து வேணியின் பின்னால் நின்றார். முப்பத்தெட்டையும் அவள் கையாலேயே எடுக்க வேண்டும். இதை எடுத்தால் இன்னின்னவை நின்றுபோகும் என்று சொல்லிக் கணினி மறுத்தது. மறுப்பைப் பொருட்படுத்தாமல் எடுக்கவும் ஒரு கட்டளை உண்டு. வேணி அதைத் தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் தட்ட வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பிறகு அவள் தன் நிரலை ஓட்டிப் பார்த்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"என்ன சொல்கிறது?"

"படம் எழுதுத பேக்கேஜைக் காணலைன்னு சொல்லுது சார்."

"சரியாகத்தான் சொல்கிறது. எடுத்துவிட்டோமே."

"நிரல் ஓடலை சார்."

"ஓடாத நிரல் இரண்டாயிரமாவது வருடத்தில் தேதியைத் தவறாகக் காட்டுமா?"

"காட்டாது சார்."

"வேறு ஏதாவது பிழை செய்யுமா?"

"செய்யாது."

"பிறகென்ன?" என்றார். "இந்த மாவட்டத்திலேயே பிழை செய்ய வாய்ப்பில்லாத முதல் நிரல் உங்களுடையது. வாழ்த்துகள்."

சான்றிதழைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். நடராஜ் ஆணியடித்து மாட்டினார். சங்கிலிபூதத்தான் இனிக் கல் பார்க்க வேண்டாம் என்று தபால் போயிற்று.

கார்த்திகை பிறந்து நான்கைந்து நாளில் மலையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை வேணி நனைந்துகொண்டே சீக்கிரம் வந்துவிட்டாள். எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"தாயி, நான் சங்கிலி. பாக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாவ. தெரியும். ஆனா அவ எறங்கிப் பாத்துட்டா. கோடு எதையும் காணலை. கல்லே முங்கிட்டு. போன வருசம் வந்ததுக்கு மேல ரெண்டு முழம் இருக்கும்."

பின்னால் மாரிக்கண்ணுவின் குரல் கேட்டது. "ரெண்டரைன்னு சொல்லுங்க."

வேணி நிரலுக்காக எழுதி வைத்திருந்த சூத்திரங்களை எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். நெடும்படுகைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்துவிடும், மிஞ்சினால் மூன்றேகால். தாளை எடுத்துக்கொண்டு குமரகுருபரனிடம் ஓடினாள்.

"இது யாரு குடுத்த அளவு?"

"சங்கிலிபூதத்தான் சார்."

"அவரு நம்ம லிஸ்ட்டுல இல்லையேம்மா."

"ஆறு லிஸ்ட்டைப் பாத்தா சார் வருது?"

அவர் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார். படத்தோடு ஃபேக்ஸ் வந்தால்தான் எச்சரிக்கை என்றார்கள். பிறகு சென்னைக்குப் பேசினார். தாணுமாலையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் குரல் தாழ்வானதால் குமரகுருபரன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, சொன்னதையெல்லாம் வேணிக்குத் திருப்பிச் சொன்னார்.

"மழை ஆத்துல நேரா பெஞ்சதா, துணையாறு வழியா வந்ததான்னு கேக்காவ."

"எல்லாந்தான் சார்!"

"பெரும்பாலும் துணையாறுதான் சார்," என்று குமரகுருபரன் ரிசீவரில் சொன்னார். கேட்டார். வைத்தார். "அப்படின்னா அது மறைமுக நீராம். அதுக்கு வேற பிரிவாம். எழுதி அனுப்பச் சொல்லுதாவ." மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நெடும்படுகையில் ஒரே ஒரு தொலைபேசி, தபாலாபீசில். மழையில் அது செத்துக் கிடந்தது. அந்த ஊரில் வேணிக்கு ஒருவரையும் தெரியாது. வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும்.

"எங்க அத்தான் ஹென்றி புன்னக்காயல்ல இருக்காவ," என்றாள் பவுலின். "அவங்களுக்கு அந்தப் பக்கம் ஆள் பழக்கம் உண்டு."

இருவரும் நடராஜைப் பார்த்தார்கள். அவர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நான் டீ குடிச்சிட்டு வாரேன்," என்றார். "மழையா இருக்கு. நேரமாகும்."

பவுலின் ஹென்றிக்குப் பேசினாள். படகு பழுதுபார்க்கும் ஹென்றி, ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அகமது மீரானுக்குப் பேசினார். அகமது மீரானுக்கு வேணி யாரென்று தெரியாது, பவுலினைத் தெரியாது. ஹென்றியை மட்டும் தெரியும். ஹென்றி சொன்னால் போதுமென்று தன் லாரியை அனுப்பினார். நெடும்படுகையில் வாழைத்தார் ஏற்றப் போகும் லாரிதான். டிரைவர் போய்க் கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். பத்தரை மணிக்கு அறிவிப்பு. ஒரு மணிக்குள் ஊர் மேட்டில் ஏறிவிட்டது. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. முந்நூறு வீடுகளில் ஒன்றில்கூட ஆள் இல்லை.

ஊருக்குத் தெற்கே பள்ளத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. ஏஜென்ட் மூலமாக எங்கிருந்தோ கூட்டி வந்த நான்கு குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. மழைக்காலமாதலால் வேலையும் இல்லை, ஊருக்குப் போகவும் வழியில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் அதுவரை எட்டவில்லை. அவர்களுக்குப் போய்ச் சொல்ல ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கிழவரும் அவர் மருமகளும் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

வேணி அதை மறுநாள் காலையில் கேட்டாள். அன்று முழுக்க அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் வரைபடத்தில் சூளை இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுலின் பக்கத்திலேயே இருந்தாள்.

இரண்டு வாரத்தில் ஆணையத்தின் அறிக்கை வந்தது. வெள்ள நீரால் நேரடியாக இறந்தவர்கள்: இல்லை. சூளைக் குழியில் தேங்கிய நீரால் மறைமுகமாக இறந்தவர்கள்: இருவர். மறைமுக மரணங்கள் ஆணையத்தின் வரம்புக்குள் வரா. எனினும், அதிகாரபூர்வமான எச்சரிக்கை எதுவும் இல்லாத நிலையில் நெடும்படுகை மக்கள் முன்கூட்டியே வெளியேறியது எவ்வாறு என்பது விசாரிக்கத்தக்கது.

விசாரணைக்குத் தாணுமாலையன் மறுபடியும் நாற்காலியோடு வந்தார். வேணிக்கு முன்னால் ஒரு படிவத்தை வைத்தார். நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை, வெள்ளத் தகவலைத் தாங்கள் யாருக்குத் தெரிவித்தீர்கள்? இரண்டு கட்டங்கள்.

"நேரடியாக, மறைமுகமாக," என்றார். "நீங்கள் ஒளிக்காமல் எழுதுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதில் வரும் பெயர்களை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பவுலினின் தட்டச்சு நின்றுபோனது.

வேணி பேனாவைத் திறந்தாள். நேரடி என்ற கட்டத்தில், கோட்டப் பொறியாளர் என்று எழுதினாள். சட்டப்படி அவருக்குத்தான் அவள் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்தாள். இரண்டாவது கட்டத்துக்கு வந்தபோது மாரிக்கண்ணு முதல் அகமது மீரான் வரை ஐந்து பெயர்களும் மனதில் வரிசையாக நின்றன, யார் யாருக்குச் சொன்னார்கள் என்ற கோடுகளோடு. டிரைவர் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையில் எழுதிய மிகச் சரியான பட்டியலாக அது இருந்திருக்கும்.

"இல்லை" என்று எழுதினாள்.

தாணுமாலையன் படித்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி மைத்துனரைப் பார்த்தார்.

"நீர் இங்கேதானே இருந்தீர்?"

"டீ குடிக்கப் போயிருந்தேன் அத்தான்," என்றார் நடராஜ்.

"எவ்வளவு நேரம்?"

"மழை அத்தான்."

தாணுமாலையன் நடராஜின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். அந்தத் தேதியில் வெற்றுப் பக்கம். நோட்டை மூடினார். மறுபடி வேணியின் படிவத்தை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு சொல்லை இன்னொரு தடவை படித்தார். அவர் கோபப்படவில்லை. வேணி அவரைப் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"இப்போதுதான் உங்களுக்குப் பட்டியல் எழுத வந்திருக்கிறது," என்றார்.

அந்தப் படிவத்தை அவர் சென்னைக்குக் கொண்டுபோய் நகலெடுத்து, சரியாக நிரப்பப்பட்ட மாதிரி என்று மேலே குறிப்பெழுதி, எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பினார். அணைகள், ஆஸ்பத்திரிகள், மின் நிலையங்கள், ரயில் கேட்டுகள் என்று கணினி இருந்த இடமெல்லாம் அது போயிற்று. தை பிறப்பதற்குள் அங்கிருந்தெல்லாம் சார்புப் படிவங்கள் புதிதாக நிரப்பப்பட்டு வந்து சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் இரண்டாவது கட்டத்தில் அதே ஒரு சொல்தான் இருந்தது.